கூண்டுப்புலியின் நடை

கோபத்திலோ கவலையிலோ அறைக்குள் அங்குமிங்கும் நடக்கிற ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால், ‘கூண்டுப்புலியைப் போல உலாவினார்’ என்று எழுதுவது தமிழ்க் கதைகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். இந்த உவமையை முதலில் எழுதியவர் கட்டாயம் ஒரு கூண்டின் முன்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். காட்டுப் புலி அப்படி நடப்பதில்லை. அது நடக்கும், நிற்கும், மோந்து பார்க்கும், புதருக்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும், பகலின் பெரும்பகுதியை ஓய்விலேயே கழிக்கும். சுவரிலிருந்து கம்பிக்கும் கம்பியிலிருந்து சுவருக்குமாக, அடி பிசகாமல், மணிக்கணக்கில் நடப்பது கூண்டு உண்டாக்கிய நடை. உவமை அதைச் சினம் என்று படித்தது. சிறுவனாக இருந்தபோது நான் அதைச் சுறுசுறுப்பு என்று படித்தேன். இரண்டுமே தவறான வாசிப்புகள் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு சிறிய விலங்குக் காட்சிசாலை இருந்தது. அங்கிருந்த சிறுத்தைக்கு மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் கம்பி, சிமெண்டுத் தளம், மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தளத்தைக் காலையில்தான் கழுவியிருந்தார்கள், ஃபினாயில் மணந்தது. சிறுத்தை நடந்துகொண்டே இருந்தது. “எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க, அதுவும் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு பாரு” என்றார் அப்பா. விலங்குகள்மீது உண்மையான பிரியம் உள்ளவர் அவர். அந்த வாக்கியத்தில் இருந்த இரண்டு பாராட்டுகளும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கல்லூரி முடித்த பிறகு, விலங்கு நடத்தையியல் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு, வேறொரு ஊரில் வேறொரு சிறுத்தையின் முன்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். அது திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுவதென்பது திட்டம். அரைமணி நேரத்தில் பக்கம் நிறைந்துவிட்டது. திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையை ஒரே பக்கமாகச் சுழற்றியது. வலது முன்னங்கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில் சிமெண்டுப் பூச்சு தேய்ந்து அடியிலிருந்த சல்லி தெரிந்தது. நான் கோடு போடுவதை நிறுத்திவிட்டு அந்தத் தேய்ந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே அசைவை, மாற்றமின்றி, வெளிப்படையான பயன் எதுவுமின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த நடத்தையை ஆய்வாளர்கள் ஸ்டீரியோடைப்பி என்பார்கள். சிறுத்தையின் நடை, கரடி தலையை ஆட்டுவது, யானை உடலை அசைத்துக்கொண்டே நிற்பது, குதிரை கொட்டிலின் விளிம்பைக் கடித்துக் காற்றை விழுங்குவது, ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி கம்பியைக் கவ்விக்கொண்டே இருப்பது எல்லாம் இதன் வகைகள். இது ஏன் வருகிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்தவற்றுள் மிகத் தெளிவான விடை தந்தது சிறுத்தையோ புலியோ அல்ல, ஓர் எலி.

மங்கோலியப் பாலைநிலத்தைச் சேர்ந்த ஜெர்பில் எலிகள் ஆய்வுக்கூடத்துக் கூண்டில் வளரும்போது, மூலையில் நின்று முன்னங்கால்களால் தோண்டிக்கொண்டே இருக்கும். தரை பிளாஸ்டிக் என்பதும் அங்கே தோண்ட எதுவுமில்லை என்பதும் அவற்றை நிறுத்துவதில்லை. தோண்டும் விலங்குக்குத் தோண்ட மண் இல்லாததுதான் குறை, மணலைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். கிறிஸ்டோஃப் வீடன்மாயர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 1997இல் வெளியிட்டார். சில குட்டிகளுக்கு அவர் மணல் கொடுத்தார். அந்த உலர்ந்த மணலில் தோண்டலாம், ஆனால் வளை நிற்காது, சரிந்துவிடும். வேறு சில குட்டிகளுக்கு மணலே கொடுக்காமல், ஒரு குழாய் வழியாக நுழைந்து சென்றடையக்கூடிய இருண்ட சிற்றறையைக் கொடுத்தார். மணல் கிடைத்த குட்டிகள் வளர்ந்து அதே ஓயாத தோண்டலில் விழுந்தன. ஆயத்த வளை கிடைத்த குட்டிகளிடம் அந்த நடத்தை வளரவில்லை. எலிக்கு வேண்டியிருந்தது தோண்டுதல் என்ற செயல் அல்ல, அந்தச் செயல் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். இடம் கிடைக்காதபோது செயல் முடிவுக்கு வருவதில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு அந்தத் தேய்ந்த சிமெண்டு நினைவுக்கு வந்தது. சிறுத்தையும் எங்கோ சென்றுசேர வேண்டி நடந்துகொண்டிருந்தது. கூண்டில் சென்றுசேர இடம் இல்லை.

அப்படியானால் இடத்தைப் பெரிதாக்கினால் போதுமா? ஓரளவு உதவும், சில விலங்குகளுக்கு எவ்வளவு பெரிதாக்கினாலும் போதாது. ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இருவர் 35 ஊனுண்ணி இனங்களின் தரவுகளைச் சேர்த்து 2003இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காட்டில் எந்த இனத்தின் வாழ்வெல்லை, அதாவது ஒரு விலங்கு வழக்கமாக நடமாடும் பரப்பு, பெரியதோ, அந்த இனம்தான் அடைப்பில் அதிகமாக நடைபோடுகிறது, அதன் குட்டிகள்தான் அதிகமாக இறக்கின்றன என்பது அவர்கள் கண்டது. பனிக்கரடிக்கு உயிரியல் பூங்காக்கள் வழக்கமாகத் தரும் இடம், காட்டில் அதற்குள்ள மிகச் சிறிய வாழ்வெல்லையிலும் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். இந்தக் கணக்குக்கு எந்தப் பொறியாளரும் தீர்வு சொல்ல முடியாது. சில இனங்களை வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அவற்றுக்கான சரியான வீடு என்று நான் கருதுகிறேன்.

மற்ற விலங்குகளுக்கோ, பரப்பைவிடப் பரப்புக்குள் என்ன இருக்கிறது என்பதே முதன்மையானது. தென்னிந்தியாவின் நான்கு உயிரியல் பூங்காக்களில் இருந்த சிறுத்தைகளை அவந்தி மல்லாபூரும் ரவி செல்லமும் கவனித்து 2002இல் எழுதினார்கள். அடைப்பிடத்தின் விளிம்பு நடைபோடும் இடமாகவும், மரக்கிளை, மேடை, புதர் போன்றவை உள்ள பகுதி ஓய்வெடுக்கும் இடமாகவும் பிரிந்துகிடந்ததை அந்த ஆய்வுகள் காட்டின. உணவு வரும் நேரமும் பார்வையாளர் கூட்டமும் சிறுத்தையின் நாளை எப்படி வடிவமைக்கின்றன என்பதையும் அவை பேசின. சிறுத்தைப்பூனைகளைப் பற்றிய இன்னொரு ஆய்வும் இங்கே சேர வேண்டியது. நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் இந்தச் சின்னஞ்சிறு பூனைகளை, பெரும்பூனைகளின் மணமும் ஒலியும் எட்டும் வெறுங்கூண்டுகளில் வைத்தபோது அவற்றின் சிறுநீரில் கார்ட்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோன் உயர்ந்தது. கூண்டுக்குள் கிளைகளும் பெட்டிகளுமாக ஒளிந்துகொள்ள இடம் அமைத்த பிறகு அது குறைந்தது, நடைபோடுவதும் குறைந்தது. அண்டைவீட்டுப் புலி அங்கேயேதான் இருந்தது. 1993இல் கேத்தி கார்ல்ஸ்டெட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இது. ஒளிவிடம் இருந்ததே போதுமானதாக இருந்தது.

அப்பா பாராட்டிய அந்தச் சுத்தத்தை இங்கே சேர்த்துப் பார்க்கிறேன். கழுவ எளிதாக இருக்கும் வீடும் விலங்கு வாழ எளிதாக இருக்கும் வீடும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. சருகு, மண், மரக்கட்டை, புதர் எல்லாம் துப்புரவுப் பணியாளருக்குச் சுமை, மருத்துவருக்குக் கவலை, பார்வையாளருக்கு மறைப்பு. ஒட்டுண்ணிகளும் நோய்களும் கூட்டங்கூட்டமாக விலங்குகளைக் கொன்ற காலத்தில்தான் வெறுந்தளமும் கம்பியும் நிலைபெற்றன; அதற்கு அன்று நியாயம் இருந்தது. ஆனால் மோப்பத்தால் உலகை அறியும் விலங்கின் வீட்டைத் தினமும் ஃபினாயிலால் கழுவுவது, நம் வீட்டுச் சுவரில் உள்ள படங்களையும் கதவிலக்கத்தையும் தினமும் காலையில் யாரோ அழித்துவிட்டுப் போவதற்கு நிகரானது. தான் விட்டுச்சென்ற அடையாளம் மறுநாள் இருப்பதில்லை. விலங்கு மறுபடி அடையாளமிடுகிறது, மறுபடி கழுவப்படுகிறது.

விலங்குக்கு எது வேண்டும் என்று நாம் ஊகிப்பதைவிட அதனிடமே கேட்கலாம் என்ற எண்ணம் நடத்தையியலில் வேரூன்றியதற்கு ஒரு கோழிக்கதை உண்டு. பண்ணை விலங்குகளின் நலன் குறித்துப் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965இல் தந்த அறிக்கை, கூண்டுக்கோழிகளின் காலடியில் மெல்லிய அறுகோண வலை கூடாது, தடித்த கம்பி வேண்டும் என்று பரிந்துரைத்தது. மெல்லிய வலை காலை உறுத்தும் என்பது குழுவினரின் கருணை. பின்னர், 1973இல், ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளுக்கே தெரிவுசெய்யும் வாய்ப்பைக் கொடுத்தபோது, கோழிகள் தடித்த கம்பியை நாடவில்லை. அந்த மெல்லிய வலைமீதே நின்றன. மெல்லிய வலை பாதத்தை அதிகப் புள்ளிகளில் தாங்குகிறது என்பது கோழிக்குத் தெரிந்திருந்தது. கருணை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

தெரிவுக்கு விலை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. உரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கப்படும் மிங்க் என்ற விலங்கு இயல்பில் நீரோரத்தில் வாழ்வது. மேசனும் உடன் ஆய்வாளர்களும் அதன் கூண்டோடு பல அறைகளை இணைத்தார்கள். ஒன்றில் விளையாட்டுப் பொருள், ஒன்றில் உயர்ந்த மேடை, ஒன்றில் இன்னொரு கூடு, ஒன்றில் நீந்தக் குட்டை. ஒவ்வொரு கதவிலும் எடையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கதவு எவ்வளவு கனத்தாலும் மிங்க் முட்டித் தள்ளிக்கொண்டு போனது குட்டைக்குத்தான். ஒருநாள் குட்டையை மூடியபோது உயர்ந்த கார்ட்டிசால், உணவையே நிறுத்தியபோது உயர்ந்த அளவுக்கு நெருங்கியிருந்தது. 2001இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, ‘பிறந்ததிலிருந்தே கூண்டில் இருக்கிறது, அதற்கு வேறென்ன தெரியும்’ என்ற வாக்கியத்தை என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

அந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது ஆச்சி வீட்டில். திண்ணை உத்திரத்தில் தொங்கிய வட்டக் கூண்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆச்சி அதற்குக் கோவைப்பழமும் ஊறவைத்த கடலையும் கிண்ணத்தில் வைப்பார். கிளி சில நிமிடங்களில் தின்று முடித்துவிடும். பிறகு மாலைவரை அதற்கு ஒரு வேலையும் இல்லை. குறுக்குக் கம்பிக்கும் கூண்டுச் சுவருக்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும். மார்பில் இறகுகளைப் பிடுங்கிப் பிடுங்கித் தோல் தெரிந்தது. நாட்டு மருத்துவர் எண்ணெய் கொடுத்தார், சத்துக்குறைவு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஆச்சி அந்தக் கிளிக்காக உண்மையாகவே அழுதிருக்கிறார்.

கலிஃபோர்னியாவில் ஷெரில் மீஹன், ஜாய் மென்ச் முதலியோர் அமேசான் கிளிகளிடம் கண்டதை நான் அறிந்தபோது ஆச்சி உயிரோடு இல்லை. உணவை மறைத்துவைத்து, கடித்து, திருகி, கிழித்து எடுக்கும்படி கொடுத்தபோது கிளிகள் இறகு பிடுங்குவது குறைந்தது. இளமையிலேயே அப்படிக் கொடுத்தவற்றிடம் தாவல் நோயும் பெருமளவு தவிர்க்கப்பட்டது. காட்டுக்கிளி தன் நாளின் பெரும்பங்கைத் தேடுவதிலும் உரிப்பதிலும் செலவிடுகிறது. கிண்ணத்தில் வைத்த கடலை அந்த நேரம் முழுவதையும் அதனிடமிருந்து பறித்துவிட்டது. ஆச்சி அந்தக் கடலையை ஒரு தென்னோலையில் முடிந்து, பழத்தைக் கிளையோடு தொங்கவிட்டிருந்தால் அதுவே பெரிய மாற்றமாக இருந்திருக்கும், காசே ஆகியிருக்காது.

உணவைச் சும்மா பெறுவதைவிட உழைத்துப் பெறுவதை விலங்குகள் விரும்பும் என்பது கேட்க விந்தையாக இருக்கலாம். 1963இல் கிளென் ஜென்சன் எலிகளிடம் இதைச் சோதித்தார். கிண்ணத்தில் தீனி கொட்டிக்கிடக்கும்போதே, பெரும்பாலான எலிகள் நெம்புகோலை அழுத்தியும் தீனியைப் பெற்றன. பின்னர் புறா, கோழி, குரங்கு, கரடி எனப் பல விலங்குகளிடம் இது உறுதியானது. ஜெர்பிலின் கதைக்கு இது முரண் அல்ல. உழைப்புக்குப் பலன் கிடைக்கும் இடத்தில் விலங்கு உழைக்க விரும்புகிறது. பலனே கிடைக்காத இடத்தில் உழைப்பு நோயாகிறது.

விலங்கின் இடத்தில் அதன் இயல்புக்கேற்ற பொருளையும் வேலையையும் சேர்ப்பதைக் குறிக்கும் ‘செறிவூட்டல்’ என்ற சொல் இப்போது நம் பூங்காக்களிலும் புழங்குகிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் அமைந்த பிறகு சிமெண்டுக் கூண்டுகள் பல இடிக்கப்பட்டு, அகழி சூழ்ந்த திறந்தவெளிகள் வந்தன. சென்னையில் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, சென்ட்ரல் நிலையத்தருகே நெரிசலில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 1985இல் வண்டலூரின் காட்டுநிலத்துக்குப் பெயர்ந்தது. பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். உயிருள்ளதற்கும் பாடம்செய்து வைத்த உடலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பேச்சுவழக்கு சரியாகப் பிடித்திருந்தது. கோடையில் கரடிக்குப் பழம் உறைந்த பனிக்கட்டி, மரப்பொந்தில் தடவிய தேன், குரங்குக்கு ஊஞ்சல் போன்ற செய்திகளை இன்று நாளிதழ்களில் படங்களோடு பார்க்கிறோம்.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் வருகிறது. படம் எடுத்த மறுநாளும் அந்தத் தேன் இருக்குமா என்பதே அந்த அச்சம். மெலிசா பேட்சனும் ஸ்டெஃபனி மாதெசனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைப் பற்றியது. ஒரு நிற மூடியின் கீழ் சுவையான புழு, இன்னொரு நிற மூடியின் கீழ் கசப்பான புழு என்று பழக்கிவிட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட நிற மூடிகளைக் காட்டினார்கள். செறிவான கூண்டிலிருந்து வெறுங்கூண்டுக்கு மாற்றப்பட்ட பறவைகள் அந்த இடைநிற மூடிகளைத் திறக்கத் தயங்கின. நல்லது இருக்காது என்றே எடுத்துக்கொண்டன. மனிதரிடம் இதை அவநம்பிக்கை என்போம். கொடுத்துவிட்டுப் பறிப்பது வெறுமனே பழைய நிலைக்குத் திரும்புவது அல்ல. ஆகவே வனவுயிர் வாரத்துக்கு மட்டும் செய்யப்படும் செறிவூட்டலைவிட, ஒவ்வொரு நாளும் இடம் மாற்றி வைக்கப்படும் ஒரு துண்டு இறைச்சி மேல் என்று நினைக்கிறேன். அதற்கு வேண்டியது நிதியைவிட ஆள். ஒரு காப்பாளருக்குப் பதினைந்து அடைப்பிடங்கள் ஒதுக்கிவிட்டு இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

யானையைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தமிழில் எழுதி முடிக்க முடியாது. கோயில் வாசலில் சங்கிலியில் நின்றபடி உடலை இடமும் வலமுமாக அசைக்கும் யானையைப் பார்த்து, ‘மேளத்துக்கு ஆடுது’ என்று குழந்தைக்குக் காட்டாதவர் நம்மில் குறைவு. மேளம் நின்ற பிறகும் அது அசைந்துகொண்டுதான் இருக்கும். சர்க்கஸ் யானைகளைக் கவனித்த ஜீனெட் ஷ்மிட் 1995இல் எழுதியது நேரடியானது: காலில் சங்கிலியிட்டு நிறுத்தியபோது ஆடிய அதே யானைகள், வேலியிட்ட திறந்த இடத்தில் ஒன்றாக விடப்பட்டபோது ஆடுவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டன; மண்ணை வாரிப் போட்டுக்கொண்டன, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. இந்திய உயிரியல் பூங்காக்களில் யானைகளை வைத்திருக்க வேண்டாம், முகாம்களுக்கு அனுப்புங்கள் என்று மத்திய ஆணையம் 2009இல் உத்தரவிட்டது. கோயில் யானைகளுக்காகத் தமிழக அரசு 2003இல் முதுமலையில் தொடங்கி, பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நடத்திய 48 நாள் நலவாழ்வு முகாமில், தம் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றைத் தொட வாய்க்காத யானைகள் ஆற்றங்கரையில் சேர்ந்து நின்றன. பாகன்கள் சிலருக்கு யானைமீது உள்ள பாசத்தை நான் நேரில் அறிவேன், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஆண்டில் 48 நாள் தோழமையும் மிச்ச நாளெல்லாம் கருங்கல் தளமும் என்றிருந்தது, அந்த ஸ்டார்லிங்குகளுக்கு நேர்ந்ததைப் போன்றதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நடைபோடும் விலங்கு துன்பத்தில் இருக்கிறது, படுத்திருக்கும் விலங்கு நலமாக இருக்கிறது என்று எளிதாகக் கணக்குப் போட முடியாது. ஒரே மோசமான கூண்டில், நடைபோடும் விலங்கு எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் கிடக்கும் விலங்கு முயற்சியையே முற்றிலும் கைவிட்டிருக்கலாம். மேலும், பல ஆண்டுகள் நடந்த விலங்கை நல்ல இடத்துக்கு மாற்றினாலும் அந்த நடை அப்படியே தொடர்வதுண்டு. பழைய வீட்டின் தழும்பு அது. வெறுங்கூண்டில் விழித்தபடி கிடக்கும் மிங்க்குகளிடம் எதை நீட்டினாலும், அச்சமூட்டும் பொருளாயினும்கூட, ஓடிவந்து மோந்து பார்த்தன என்று 2012இல் ரெபெக்கா மீகரும் மேசனும் எழுதினர். ஏதாவது நிகழட்டும் என்று காத்திருக்கும் அந்த நிலைக்கு அவர்கள் பயன்படுத்திய சொல் சலிப்பு.

சென்ற ஆண்டு ஒரு பூங்காவில், மரங்களும் பாறைகளும் உள்ள நல்லதொரு சிறுத்தை அடைப்பிடத்தின் முன்னால் நின்றிருந்தேன். சிறுத்தை கண்ணில் படவில்லை. எங்கோ புதருக்குள் படுத்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். பூங்காவில் விலங்கைச் சீண்டுவது சட்டப்படி குற்றம் என்று எழுதிய பலகையின் கீழேயே நின்று இதைச் செய்தார்கள். அவர்கள் போன பிறகு, காப்பாளர் ஒருவரிடம் இந்த அமைப்பைப் பாராட்டினேன். வயதில் மூத்தவர். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, “சார், நீங்க பாக்கறது அதோட பகல் வீடு” என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் உள்ளே அழைத்துவிடுவார்கள். மறுநாள் காலை ஒன்பதுக்கு மேல்தான் கதவு திறக்கும். வார விடுமுறை நாளில் திறப்பதும் ஆட்களைப் பொறுத்தது.

இருபத்து நான்கு மணி நேரத்தில் பதினாறு மணி நேரம். அதுவும் சிறுத்தை இயல்பாக விழித்து நடமாடும் இரவு. மரங்களுக்குப் பின்னால் மறைவாக இருந்த தாழ்ந்த கட்டடத்தை அவர் கைகாட்டினார். உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். சிமெண்டுத் தளம், மூன்று பக்கச் சுவர், முன்னால் கம்பி, மூலையில் தண்ணீர்த் தொட்டி என்றார். ஒரு மரப்பலகையை மேலே பொருத்தித் தரும்படி இரண்டு முறை எழுதிக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். அதுவரைக்கும், தினமும் கதவைச் சாத்துவதற்கு முன்னால், அகழி ஓரத்தில் உதிர்ந்த சருகை ஒரு கோணிப்பை நிறைய அள்ளிக்கொண்டு போய் அவரே உள்ளே பரப்பிவைக்கிறார். காலையில் தளத்தைக் கழுவ வருபவருக்கு அதனால் கூடுதல் வேலை; அவரிடம் தினமும் பேச்சு கேட்பதாகச் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.